நார்மல் ஒன்று

நான் முனைவர் பட்டத்துக்காக நான்கு ஆண்டுகள் மனிதர்களைக் குமட்ட வைத்தேன்.

உடலியங்கியல் துறையின் இரண்டாம் மாடியில், ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்த ஓர் அறை. நடுவில், பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற சாய்வு நாற்காலி. அலமாரியில் மூடியிட்ட பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றாம் குடுவையில் அழுகிய முட்டை. நான்காவதில் மூன்று நாள் வெயிலில் கிடந்த மத்தி மீன். ஏழாவதில் சீழ் வாடை. அது செயற்கை, சீசாவில் அடைத்து வரும். பன்னிரண்டாவதில் பாதாளச் சாக்கடையின் அடியில் படியும் கரிய சேறு. அது செயற்கை இல்லை. வாரம் ஒரு முறை நானே வாளியுடன் போய் வாங்கி வந்தேன்.

குடுவையைத் திறந்து ஆளின் மூக்குக்குக் கீழே பத்து விநாடி பிடிக்க வேண்டும். வயிற்றின் மேல் ஒட்டிய ஆறு மின்வாய்கள் இரைப்பையின் அலையைத் திரையில் வரையும். அமைதியான இரைப்பை நிமிடத்துக்கு மூன்று அலை எழுப்பும். அருவருப்பு வந்தால் ஐந்து, ஏழு, ஒன்பது. முகத்தை மனிதன் கட்டுப்படுத்துவான். இரைப்பையைக் கட்டுப்படுத்த முடியாது. இதுதான் என் ஆய்வு.

என் நெறியாளர் பேராசிரியர் சுகிர்தா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கம் ஒருவர் ஓங்கரித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் கட்லெட் சாப்பிடக்கூடியவர். நாங்கள் எழுதிய எல்லாக் கட்டுரைகளிலும் மூன்றாவது பெயர் அவர் கணவருடையது. கணவர் தோல் மருத்துவர். எங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. மேடத்தின் மகளுடைய பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மோகோலில் இதயம் செய்து கொடுத்தேன். இரண்டாம் பரிசு வந்தது. ஏன் முதல் பரிசு வரவில்லை என்று என்னிடம் விளக்கம் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆராய்ச்சி மாணவன் என்பவன் இதையெல்லாம் செய்பவன்தான்.

மூன்றாம் ஆண்டு ஆவணியில் என் மனைவி தமயந்தி இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இருபத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பத்தொன்பது மாதம். இதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லை.

பத்தாம் நாள் துறைக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. வீட்டில் உறவினர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு அடுத்த பெண் யார் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் பல் குத்திக்கொண்டே ஒரு ஜாதகத்தை எடுத்துக் காட்டினார். எழுந்து வந்துவிட்டேன்.

"வந்துட்டியா பரிதி? நல்லது. வீட்ல உக்காந்தா மனசு கெட்டுப்போகும்" என்றார் மேடம். அதே மூச்சில், "இந்த வாரம் ரிப்போர்ட் அனுப்பணும். நார்மல் ஒண்ணு இன்னும் எடுக்கலையே. இன்னைக்கு உக்காந்துடறியா?" என்று கேட்டார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராய்ச்சி மாணவன்தான் தன் ஆய்வின் முதல் நார்மல். வெளியிலிருந்து ஆரோக்கியமான ஆளைத் தேடிப் பிடிப்பது சிரமம். மாணவன் கையருகே இருக்கிறான், நோய் இல்லை, மறுக்கவும் மாட்டான். இதயத் துடிப்பு, மூச்சளவு, ரத்த அழுத்தம் என்று நாற்பது ஆண்டுகளாக இந்தத் துறை 'இயல்பு' என்று அச்சடித்திருப்பதெல்லாம் பசியோடும் பயத்தோடும் உட்கார்ந்திருந்த மாணவர்களின் உடம்புதான். யாரும் இதைத் தவறு என்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

படிவத்தை நிரப்பினேன். கடந்த ஆறு மாதத்தில் நோய் உண்டா? இல்லை. அறுவை சிகிச்சை? இல்லை. தொடர்ந்து சாப்பிடும் மருந்து? இல்லை. வேறு கேள்வி எதுவும் படிவத்தில் இல்லை.

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாக் குடுவைகளும் என் மூக்கின் கீழ் வந்து போயின. திரையில் மூன்று. மூன்று. மூன்று. மேடம் கட்லெட்டை வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"வயர் லூஸா இருக்கா பாரு."

இல்லை. மின்வாய்களை மாற்றி மறுபடியும் எடுத்தோம். மத்தி மீனை அவரே பிடித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.

"உனக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒண்ணுமேவா?"

"அழுகின மீன்னு தெரியுது. அவ்வளவுதான்."

அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி வந்தது. பத்து நாளில் நான் பார்த்த முதல் மகிழ்ந்த முகம் அது. "எவ்வளவு அழகா வருது பாரு" என்றார் திரையைத் தடவி. "சுத்தமான ஜீரோ."

அந்த அலைக்கு 'நார்மல் ஒன்று' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.

*

எட்டு மாதம் கழித்து, சாக்கடைப் பராமரிப்புக் காண்ட்ராக்டர் ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். செல்வநாதன் என்று பெயர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே பேசினார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்."

"குமட்டல் வயித்துல இருந்து மூளைக்கு ஒரு நரம்பு வழியாப் போகுது. அந்த நரம்போட ஒரு கிளை காதுக்கு வருது. காதுல சின்னதா ஒரு பொத்தான் மாட்டி, இந்தப் பையனோட அலையை அதுல ஓட்டிக்கிட்டே இருந்தா, வயிறு அமைதியா இருக்குன்னு மூளை நம்பிடும். அருவருப்பே வராது."

"இவரோட அலை எங்க ஆளுக்கு எப்படி மேடம் சேரும்?"

"இது ரத்தம் இல்லையே, குரூப் பாக்க. பாட்டு மாதிரி. யார் காதுல வேணும்னாலும் போடலாம்."

"வாந்தி எடுக்க மாட்டானா?"

"மாட்டான்."

"குடிச்சாத்தான் எறங்குவேன்னு அடம் பிடிக்க மாட்டானா?"

"எதுக்குக் குடிக்கணும்? நாத்தமே உறைக்காதே."

அவர் முதல் தடவையாகக் கைக்குட்டையை இறக்கினார். நான் குறுக்கிட்டேன்.

"சாக்கடைக்கு ரோபோ வாங்கியிருக்காங்கன்னு சொன்னாங்களே சார்?"

"மூணு வாங்கினோம் தம்பி. ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு. அதை வெளிய எடுக்க ரெண்டு ஆளை எறக்கினோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே."

செல்வநாதன் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். வகுப்பில் தெரிந்த விடையைத் தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பது போல.

"எறக்கறதா யாருப்பா எழுதப் போறாங்க? 'ஆய்வுப் பணி'ன்னு போடுவாங்க. எப்படியும் எறங்கத்தான் போறாங்க பரிதி. கஷ்டப்படாம எறங்கட்டுமே. இது சேவை."

நெறிமுறைக் குழு அந்தச் சேவைக்கு நாற்பது நிமிடத்தில் அனுமதி கொடுத்தது. அதில் இருபத்தைந்து நிமிடம் டீயும் முந்திரி பிஸ்கட்டும்.

முதலில் பத்து ஆட்கள். அவர்களில் முதலாமவர் தேசிங்கு. நாற்பத்திரண்டு வயது, எலும்பும் நரம்புமாக இருப்பார். பொத்தான் மாட்டுவதற்கு முன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து அலையை எடுத்தேன். பன்னிரண்டாம் குடுவையைத் திறந்ததும் மூக்கைச் சுருக்காமல் நிதானமாக முகர்ந்து பார்த்தார்.

"இது ஓட்டலு பின்னாடி எடுத்ததுதான சார்? எண்ண வாட அடிக்குது. எங்க ஏரியா சரக்கு இப்டி இருக்காது."

அவர் முகம் சிரித்தது. திரையில் ஒன்பது அலை.

"உங்களுக்குப் பழகிப்போச்சுன்னு நெனச்சேன்."

"இருவது வருசம் சார். மூஞ்சி பழகிச்சு. வவுறு பழகல."

"உள்ள இருக்கும்போது வாந்தி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கயித்த ஆட்டுவேன். மேல தூக்கிருவாங்க. உள்ள காஸ் இருக்கும் சார். கண்ணுக்கும் தெரியாது, கொஞ்ச நேரம் போனா மூக்குக்கும் தெரியாது. ஆனா வவுறு சொல்லிரும். கொமட்டிச்சின்னா உடனே ஏறிடணும். அதான் எங்க மீட்டரு."

அதை எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக வைத்தேன். மேடம் அந்த அத்தியாயத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். 'வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி மிஞ்சியது: 'தொழிலாளர்களின் அகவயமான எச்சரிக்கை முறைகள் மேலும் ஆராயத்தக்கவை.' அந்த வரியை மேடம் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன்.

தேசிங்குவின் இடது காதில் பொத்தானை மாட்டினேன். வெளியே காத்திருந்தவர்கள் கூவினார்கள்.

"டேய், தேசிங்கு கம்மல் போட்டுக்கினான்டா! எப்படா சடங்கு?"

"மாமன் சீரு நீதாண்டா கொண்டாறணும்" என்றார் தேசிங்கு, தலையை ஆட்டிக் காட்டியபடி. அதிலிருந்து அந்தக் கருவிக்குப் பெயர் கம்மல்.

இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அவர் சொன்னார்: "முன்னாடியெல்லாம் ஸ்பூன்லதான் சார் சோறு துன்னுவேன். கைய மூக்காண்ட கொண்டாந்தாலே ஏறிக்கினு வரும். இப்போ கையால துன்றேன். கொழம்பு ஊத்தி, பெசஞ்சி, கையால."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அது நல்ல கை. நாங்கள் அந்தப் பேச்சை வீடியோவாக எடுத்தோம். மேடம் அதை மூன்று மாநாடுகளில் போட்டுக் காட்டினார். மூன்றிலும் கை தட்டினார்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன்.

*

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது தேசிங்குவின் மனைவி அமுலு வந்தாள். காலை பத்து மணி. துறை வாசலில் காவலாளி அவளை நிறுத்தி வைத்திருந்தார். தோளில் பை, கையில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தையின் நெற்றியில் தையல் போட்ட கட்டு.

"கம்மல் போட்டது நீதான சார்?"

"நான்தான்."

"அத்தக் கயட்டிரு."

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து வாடை வந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பிரச்சினை?"

"இன்னா பிரச்சனன்னு சொல்றது. குடிக்கிறத வுட்டுட்டாரு. அடிக்கிறதில்ல. தெருவே சொல்லுது, உனுக்கு இன்னாடி, யோகம்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஊசிப்போன சோத்தப் போட்டேன் சார், வோணும்னே போட்டேன். துன்னுட்டு எந்திரிச்சிப் போறாரு. இந்தப் பாப்பா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து மண்ட ஒடஞ்சி ரத்தம் கொட்டுது. கத்துது. பக்கத்துல குந்தினு பாத்துக்கினே இருக்காரு. யோவ், தூக்குய்யான்றேன். 'ரத்தம் வருது'ன்றாரு. எனுக்குத் தெரியாதா ரத்தம் வருதுன்னு?"

குழந்தையின் நெற்றிக் கட்டைப் பார்த்தேன்.

"என்னாண்ட கோவமும் இல்ல, ஆசையும் இல்ல. செவுத்தப் பாத்துக்கினு குந்தினு இருக்காரு. பொண்டாட்டி செத்தவன் மாரி இருக்காரு சார்." அவள் குரல் உயர்ந்தது. "நான் உசுரோடதான சார் இருக்கேன்?"

தமயந்தி இறந்து பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் நீடித்த அளவு. அந்தக் கணக்கு அப்போதுதான் தோன்றியது. என் வீட்டில் ஊசிப்போனதா இல்லையா என்று பார்க்காமல் நான் சாப்பிட்ட சோறு, சுவர், குளியலறையின் தரை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. என் அலையில் இல்லாமல் போனது அருவருப்பு மட்டும் இல்லை. எதுவுமே இருக்கவில்லை. அதைத்தான் பத்துப் பேரின் காதுகளில் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"மூணு வாரம் பொறுத்துக்கங்க" என்றேன்.

"மூணு வாரத்துல இன்னா வரும்?"

"ஒரு பரீட்சை இருக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தேசிங்குவை வேலையிடத்தில் தேடிப் போனேன். அகற்றிய இரும்பு மூடியின் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. பன்னிலும் சேறு.

"கழட்டிடலாமா தேசிங்கு?"

"வோணாம் சார்."

"வீட்ல கஷ்டப்படறாங்க."

"அவளா எறங்குறா? நான்தான எறங்குறேன்." கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

"பாப்பாவப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கு?"

பன்னை இரும்பு மூடியின் மேல் வைத்தார். உண்மையான பதிலைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"பாப்பா மாரி இருக்கு" என்றார்.

மேடத்திடம் சொன்னேன். கட்லெட் இல்லை, அன்று சமோசா.

"அப்ப நீ அன்னைக்கு ஆரோக்கியமா இல்லையா?"

"இல்ல மேடம். உங்களுக்கே தெரியுமே. நீங்க வீட்டுக்கு வந்தீங்களே, மாலையோட."

"படிவத்துல யாரு டிக் போட்டது?"

"நான்தான்."

"அப்புறம்?" சமோசாவின் மூலையைச் சட்னியில் தோய்த்தார். "ஆய்வேடு வெளியில போயாச்சு. இப்ப இதைக் கிளறினா உன் நாலு வருஷம், என் எட்டு வருஷம். முதல்ல வைவா முடி. அப்புறம் மெதுவாப் பேசிக்கலாம்."

மெதுவாகப் பேசக் கூடாது, வைவாவிலேயே பேசுவது என்று முடிவு செய்தேன். அங்கே வெளித்தேர்வாளர் இருப்பார். சொல்வது குறிப்பில் ஏறும். அதற்குப் பிறகு கம்மலை யாரும் ஓட்ட முடியாது என்று நம்பினேன். பட்டம் போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். மூன்று வாரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

*

வைவா அன்று தேர்வாளர்களின் சாப்பாடு மாணவனின் பொறுப்பு. வெளித்தேர்வாளர் சைவம், ஆனால் முட்டை பரவாயில்லை, வெங்காயம் கூடாது என்று மேடம் மூன்று முறை போன் செய்தார். சால்வை, பழத்தட்டு, பூங்கொத்து எல்லாம் வாங்கினேன். தேர்வு எழுதுபவன் தேர்வாளருக்கு, முடிவு தெரியும் முன்பே, மரியாதை வாங்கி வைக்கிறான். இதில் எவருக்கும் குமட்டுவதில்லை.

ஹாலில் முப்பது பேர். நாற்பது நிமிடம் பேசினேன். வெளித்தேர்வாளர் வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டு கேட்டார்:

"எல்லாம் நல்லாருக்கு. ஒரு சந்தேகம். மத்த நார்மல் முப்பத்தொன்பது பேரும் ஒரு பக்கம் இருக்காங்க. நார்மல் ஒன்று மட்டும் தனியா நிக்குதே. யாருப்பா அது?"

"நான்தான் சார்."

"ஓ."

"என் மனைவி இறந்த பத்தாம் நாள் எடுத்தது. அது நார்மல் இல்ல. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல, நானும் சொல்லல. அது ஆரோக்கியமான வயிறு இல்ல சார், துக்கம். பத்துப் பேர் காதுல நாங்க துக்கத்தை மாட்டி வெச்சிருக்கோம். அவங்களுக்குத் தன் குழந்தை மேல கூட எதுவும் வரல. குமட்டல் வந்தா மேல ஏறுவாங்க, இப்ப அதுவும் வராது. கருவிகளை இன்னைக்கே கழட்டணும். என் ஆய்வேட்டை நிராகரிக்கணும்."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. பின்வரிசையில் யாரோ மிக்சர் பொட்டலத்தை மடித்த ஓசை கேட்டது.

வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க மனைவி மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எத்தனாவது நாள்னு சொன்னீங்க? பத்தா?"

"பத்து."

எழுதிக்கொண்டார். "இந்த ஆய்வேட்டைப் படிச்சப்ப எனக்கு ஒரே குறைதான் தெரிஞ்சது. ஒரே ஒரு ஆள்கிட்ட இருந்து வந்த அலை. திருப்பி எடுக்க முடியுமான்னு தெரியல. இப்ப அதுக்கு விடை கிடைச்சிருச்சு." ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "இது அதிர்ஷ்டத்துல கிடைச்ச அலை இல்ல. எப்ப, யார்கிட்ட எடுக்கணும்னு இப்ப நமக்குத் தெரியும். பிரமாதம்."

முதலில் தட்டியவை மேடத்தின் கைகள். பிறகு எல்லோரும். மேடத்தின் முகத்துக்கு ரத்தம் திரும்பியிருந்தது.

'உயர்ந்த பாராட்டுடன் பரிந்துரைக்கப்படுகிறது' என்று அறிக்கை சொன்னது. நான் வாங்கிய சால்வைகளில் ஒன்றை எனக்கே போர்த்தினார்கள். பக்கவிளைவுகளைப் பற்றி நான் சொன்னதை 'எதிர்கால ஆய்வுக்கான திசைகள்' என்ற இடத்தில் சேர்த்திருந்தார்கள். கம்மல்களைப் பற்றிக் கேட்டேன்.

"புது அலை கிடைக்கிற வரைக்கும் பழசு ஓடட்டும்ப்பா. நடுவுல நிறுத்தினா டேட்டா கெட்டுப்போகும்" என்றார் மேடம். காப்புரிமைத் தாளை நீட்டினார். அதில் கையெழுத்துப் போடாமல் தற்காலிகச் சான்றிதழ் கிடையாது.

எழுந்து போயிருக்கலாம். பத்துப் பேரையும் தேடிப் போய் நானே பிடுங்கியிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

*

நான் கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள் தேசிங்கு இறந்தார்.

உள்ளே இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. கயிறு ஆடவில்லை. அவர் நன்றாக வேலை செய்கிறார் என்று மேலே இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். தேட இறங்கிய இன்னொருவரும் திரும்பவில்லை. அவர் காதிலும் கம்மல். 'ஆய்வுப் பணியின்போது எதிர்பாராத வாயுக் கசிவு' என்று செய்தி வந்தது.

இரண்டு கம்மல்களும் பிளாஸ்டிக் உறையில் ஆய்வகத்துக்குத் திரும்பின. யாரோ கழுவி அனுப்பியிருந்தார்கள். சோதனைப் பெட்டியில் செருகினேன். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. நிமிடத்துக்கு மூன்று. என் அலை.

அந்த வாரமே அறிவிப்பு தயாரானது. 'கணவன் அல்லது மனைவியை இழந்து பதினைந்து நாட்களுக்கு உட்பட்ட, மற்றபடி ஆரோக்கியமான தன்னார்வலர்கள் தேவை. மதிய உணவு வழங்கப்படும்.' வாசகம் மேடத்துடையது. எழுத்துப் பிழைகளைத் திருத்தியது நான். மருத்துவமனைப் பிணவறை வாசலில் ஒட்டினார்கள். அங்கேதான் சரியான ஆட்கள் வருவார்கள் என்று மேடம் சொன்னார்.

முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் அமுலு.

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேடத்தின் அருகில் இருந்தேன். இப்போது எனக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. குடுவை பிடிக்கப் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி இருந்தாள். மின்வாய்களை ஒட்டியதும் அவள்தான். படிவத்தை எனக்குக் கொடுத்தாள். கணவர் இறந்து ஒன்பது நாள். நோய் இல்லை. மருந்து இல்லை.

"எதுக்கும்மா வந்தீங்க?" என்று மாணவி கேட்பது ஒலிபெருக்கியில் வந்தது. "சாப்பாடு குடுப்பாங்கன்னா?"

"சோத்துக்கா? அவுருக்கு எத்தக் காதுல வெச்சீங்கன்னு பாக்க வந்தேன். உள்ள வுட மாட்டேன்னாங்க. அப்பால இந்த நோட்டீசப் படிச்சேன். இதுக்குத்தான் வுட்டாங்க."

மாணவி கண்ணாடிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஒன்றாம் குடுவையைத் திறந்தாள்.

மூன்று.

நான்காம் குடுவை. மூன்று. ஏழாம் குடுவை. மூன்று. அமுலு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாம் குடுவை. சேறு. இருபது ஆண்டுகள் அவள் வீட்டுக்குத் தினமும் வந்த வாடை. மூன்று.

"அதேதான்!" மேடம் என் தோளைப் பிடித்தார். "அச்சு அசல் உன்னோடது மாதிரியே. முதல் வாரத்திலேயே கிடைச்சிருச்சு பரிதி. போய் ரீடிங் முடியற வரைக்கும் அசையாம இருக்கச் சொல்லு. அந்தப் பொண்ணு புதுசு, கெடுத்துடுவா."

கதவைத் திறந்து உள்ளே போனேன். மாணவி ஒதுங்கிக்கொண்டாள். நாற்காலியின் முன் நின்றேன்.

"அம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம் அசையாம..."

அமுலு சுவரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

அவள் முகம் மாறவில்லை. பக்கத்துத் திரையில் கோடு உடைந்தது. ஐந்து. ஏழு. அவள் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது. பதினொன்று. நான்கு ஆண்டுகளில் எந்தக் குடுவைக்கும், எந்த வயிற்றிலும், நான் பதினொன்றைப் பார்த்ததில்லை.

"என்ன குடுத்தே இப்ப?" ஒலிபெருக்கியில் மேடம். "பன்னிரண்டும் முடிஞ்சுதே!"

மாணவி வெறுங்கையைக் காட்டினாள்.

"ச்சே. கெட்டுப்போச்சு. மெஷின் கோளாறுன்னு போட்டு அழிச்சிடு. இவங்க ஆக மாட்டாங்க. அடுத்த ஆளை வரச் சொல்லு."

அமுலு தானே மின்வாய்களைப் பிய்த்தெடுத்தாள். ஆறையும் நாற்காலியின் கைப்பிடியில் வரிசையாக வைத்தாள். புடவையைச் சரி செய்துகொண்டு, என்னைத் தொட்டுவிடாமல் சுவரை ஒட்டி நடந்து வெளியேறினாள்.

நான் பதிவை அழிக்கவில்லை. கோடு உடைந்த இடத்தில் கர்சரை வைத்ததும் ஒவ்வொரு குடுவைக்கும் கேட்பது போலவே கணினி கேட்டது: தூண்டுபொருள்?

முனைவர் இளம்பரிதி என்று தட்டச்சு செய்தேன். பட்டம் வாங்கிய பின் என் பெயரை அப்படி எழுதியது அதுதான் முதல் முறை.